பெயர் காட்டும் ஆப் நமக்கு வேண்டுமா?

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் பூ விற்கும் ஓர் அம்மா எங்கள் வகுப்புக்கு வருகிறார். எழுத்துக் கூட்டிப் படிப்பார். ஒரு நாள் தன் போனை நீட்டினார்.

"மக்ளே, என் பையன் இதில ஒரு ஆப் போட்டுத் தந்தான். யார் கூப்பிட்டாலும் பெயர் வருது. நல்லதுதானே?"

இந்தக் கேள்வி பலருக்கும் இருக்கிறது. நம் மாவட்டத்துப் புல்லம்பாறை பஞ்சாயத்தில் எல்லோருக்கும் போன் பழக்கிக் கொடுத்தார்கள். 2022இல் அந்த வேலை முடிந்தது. பிறகு கேரளம் முழுவதும் அதே போல் நடந்தது. ஏறக்குறைய 21 லட்சத்து 87 ஆயிரம் பேர் படித்தார்கள். போன் பழகியாயிற்று. இனி யாருடைய அழைப்பை எடுப்பது, எதை விடுவது?

முதலில், அந்தப் பெயர் எங்கிருந்து வருகிறது?

அரசு தரும் பெயர் அல்ல அது. ட்ரூகாலர் என்ற ஆப்பைப் பலர் வைத்திருக்கிறார்கள். அது 2009இல் சுவீடன் நாட்டில் தொடங்கிய கம்பெனி. உங்களுக்கு அழைப்பு வந்ததும், ஆப் அந்த நம்பரை இன்டர்நெட் வழியாகக் கம்பெனிக்கு அனுப்புகிறது. அங்கே இருக்கும் பெயர் திரும்பி வருகிறது. கண் இமைக்கும் நேரம்தான்.

அங்கே பெயர் எழுதியது யார்? ஆப் வைத்திருக்கும் நம்மைப் போன்றவர்கள்தான். "இது தொல்லை பிடித்த நம்பர்" என்று பலர் சொன்னால் சிவப்பாகக் காட்டும். இது நல்ல உதவி. கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று கேட்பவர்களை எடுக்காமலே விடலாம்.

ஆனால், ஒருவர் தன் பெயரைத் தானே எழுதிக்கொள்ளவும் முடியும். நம் பூக்கார அம்மாவுக்கு ஒரு நாள் "பேங்க் மேனேஜர்" என்று பெயர் வந்தது. எடுத்தார். ஓ.டி.பி. நம்பரைக் கேட்டார்கள். நல்ல வேளை, கடையில் ஆள் நின்றது. "அப்புறம் கூப்பிடு" என்று வைத்துவிட்டார். எந்த பேங்கும் ஓ.டி.பி. கேட்காது. திரையில் என்ன பெயர் வந்தாலும் சரி.

இன்னொரு சங்கடமும் நடந்தது. தெரியாத நம்பர் எதுவும் அடிக்காதபடி பையன் ஆப்பில் மாற்றி வைத்திருந்தான். அது ஓணத்துக்கு முந்திய வாரம். தோவாளையிலிருந்து பூ வந்து இறங்கும் நேரம். அத்தப்பூக்களத்துக்குப் பூ கேட்டு ஒரு குடியிருப்பிலிருந்து மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார்கள். போன் அடிக்கவே இல்லை. அவர்கள் வேறு கடையில் வாங்கிவிட்டார்கள். பத்து நாள் வியாபாரம் போயிற்று. புதிய ஆள் எல்லாம் தெரியாத நம்பர்தானே! கடைக்காரர், ஆட்டோ ஓட்டுபவர், கூலி வேலைக்குப் போகிறவர் யாருமே இதைச் செய்யக் கூடாது என்பது என் எண்ணம்.

ஆப் போடும்போது, "உங்கள் போனில் உள்ள பெயர்களைப் பார்க்கலாமா?" என்று கேட்கும். நாம் படிக்காமலே "சரி" என்று அமுக்குகிறோம். தங்கச்சி நம்பர் தங்கச்சியுடையது. அதைக் காட்ட அவளை நாம் கேட்டோமா? வேண்டாம் என்றும் அமுக்கலாம்.

ஆப் இல்லாமலும் வழி உண்டு. 1909 என்ற நம்பருக்குப் போன் செய்யுங்கள். விளம்பர அழைப்பு வேண்டாம் என்று பதியுங்கள். காசு இல்லை. பேங்கிலிருந்து வரும் செய்திகள் நிற்காது. ஆனால் திருடன் சட்டத்துக்கு அடங்குவானா? அவனை இது தடுக்காது. பேங்குகள் கணக்கு விஷயமாகக் கூப்பிட 1600 என்று தொடங்கும் நம்பரையே பயன்படுத்த வேண்டும். 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அப்படிச் சொன்னது. சாதாரணப் பத்து எண் நம்பரிலிருந்து "பேங்க்" என்று யாராவது பேசினால் வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930க்குச் சொல்லுங்கள். நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை வழியிலேயே நிறுத்தப் பார்க்கலாம்.

அம்மாவின் போனில் இப்போதும் அந்த ஆப் இருக்கிறது. தெரியாத நம்பரைத் தடுப்பதை மட்டும் எடுத்துவிட்டோம். 1909க்கு அவரே போன் செய்தார்.

"தோவாளைக்காரர் புது நம்பரில் கூப்பிட்டு, வேறு பெயர் வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன்.

"எடுப்பேன் மக்ளே. பிச்சிப்பூ என்ன விலைன்னு கேப்பேன். வியாபாரியா இல்லையான்னு அதிலேயே தெரிஞ்சிரும்."