பல் வைத்தியச் செலவு: முன்னால் போனால் நூறு, பின்னால் போனால் ஆயிரம்



நமது டிரஸ்டுக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களில் பல் சம்பந்தமானவை பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில்தான் வருகின்றன. இரவெல்லாம் தூக்கமில்லாமல், கன்னம் வீங்கி, நகையை அடகு வைக்கலாமா என்ற யோசனையோடு வருகிறார்கள். பல் செலவு நாளாக நாளாக ஏறும் செலவு. அது எப்படி ஏறுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பெரும் பாரம் குறையும்.

சொத்தை முதலில் பல்லின் மேல்பூச்சில் விழுகிறது. அப்போது வலி இருக்காது. அடுத்த அடுக்கைத் தொட்டதும் இனிப்பும் குளிர்ந்த தண்ணீரும் கூசும். இந்த நிலையில் போனால் சுத்தம் செய்து அடைத்துவிடுவார்கள். பெரும்பாலும் சில நூறு ரூபாயில் முடியும். சொத்தை நரம்பைத் தொட்ட பிறகு ரூட் கேனல் செய்து மேலே கேப் போட வேண்டும். அது பல ஆயிரம். அதையும் விட்டால் பல்லை எடுக்க வேண்டும். எடுத்த இடத்தில் இம்ப்ளான்ட் வைத்தால் ஒரு பல்லுக்கே பத்தாயிரக்கணக்கில் ஆகும்.

இங்கே ஒரு ஏமாற்றம் உண்டு. கடுமையாக வலித்த பல் சில நாளில் தானாகவே அடங்கிவிடும். மெடிக்கலில் வாங்கிய மாத்திரை கேட்டது என்று நினைப்போம். நரம்பு செத்துப்போனாலும் வலி நிற்கும். ஆனால் கிருமி வேருக்கு அடியில் வேலை செய்துகொண்டே இருக்கும். வீக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாமல் போனாலோ, ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

பிள்ளைகள் விஷயத்தில் ஒன்று. ஏறத்தாழ 6 வயதில் பால் பற்களுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் முளைப்பதால் அதையும் பால் பல் என்று நினைத்து, 'விழப்போகிற பல்தானே' என்று விட்டுவிடுகிறோம். அது ஆயுள் முழுக்க இருக்க வேண்டிய பல்.

எங்கே போவது? அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் பல் பிரிவு உண்டு. அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் சென்னையில் கோட்டை ரயில் நிலையத்தின் எதிரிலும், சிதம்பரம் அண்ணாமலை நகரிலும், 2023-ல் திறக்கப்பட்ட புதுக்கோட்டையிலும் உள்ளன. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் வெளி கிளினிக்குகளைவிடக் கட்டணம் குறைவு. மாணவர்கள் பேராசிரியர்களின் மேற்பார்வையில் செய்வதால் நேரம் கூடுதலாகும், பல தடவை போக வேண்டியிருக்கும். காப்பீட்டு அட்டைகள் பெரும்பாலும் படுக்கையில் சேர்த்துச் செய்யும் வைத்தியத்துக்கே உதவும். சொத்தை அடைப்பதும் கேப் போடுவதும் பொதுவாக அதில் சேராது.

தனியார் கிளினிக்குக்குப் போனால் கூச்சப்படாமல் கேளுங்கள்: மொத்தம் எவ்வளவு? எக்ஸ்ரேயும் கேப்பும் அதில் சேர்ந்ததா? எத்தனை தடவை வர வேண்டும்? இதைவிடக் குறைந்த செலவில் வேறு வழி உண்டா? கேப்பில் உலோகம், பீங்கான் பூசிய உலோகம், ஜிர்கோனியா என்று வகைகள் உண்டு. வெளியே தெரியாத கடைவாய்ப் பல்லுக்கு உலோகக் கேப்பே நன்றாக உழைக்கும். அவசரமில்லாத வேலை என்றால் எழுதி வாங்கிக்கொண்டு இன்னொரு டாக்டரிடமும் கேட்கலாம். மாதத் தவணை என்று சொன்னால் அதில் வட்டி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ரூட் கேனலைப் பாதியில் நிறுத்தாதீர்கள். வலி போய்விட்டது என்று கேப் போடாமல் விட்டால் பல் உடைந்து, கொடுத்த பணமும் வீணாகும். ரமளானில் சிரமப்படாமல் இருக்க ஷஃபானிலேயே பற்களைக் காட்டிவிடுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் ஈறையும் கட்டாயம் காட்ட வேண்டும். ஈறு நோயும் சர்க்கரையும் ஒன்றையொன்று கூட்டும்.

மிஸ்வாக் செய்யும் ஸுன்னத் நம்மிடம் இருக்கிறது. அதோடு இரவு படுக்குமுன் ஃபுளோரைடு உள்ள பேஸ்ட்டால் துலக்குங்கள், பிள்ளைகளையும் துலக்க வையுங்கள்.

செலவைச் சமாளிக்க முடியாதவர்கள் டாக்டர் எழுதிக் கொடுத்த மதிப்பீட்டோடு டிரஸ்ட் அலுவலகத்துக்கு வாருங்கள். வட்டியில்லாக் கடனாகவோ உதவியாகவோ இன்ஷா அல்லாஹ் இயன்றதைச் செய்வோம். கன்னம் வீங்கும்வரை காத்திராமல், பல் கூசும்போதே வாருங்கள். ஒருவர் ரூட் கேனலுக்கு ஆகும் தொகையில் பல பிள்ளைகளின் சொத்தையை அடைத்துவிடலாம்.

வஸ்ஸலாம்.
செயலாளர்