பேன்ட் பாக்கெட்டில் ஒரு பிஸ்டல்

ரூகர் எல்.சி.பி. என்ற கைத்துப்பாக்கியின் எடை, தோட்டா போடாமல், 9.4 அவுன்ஸ். நம் கணக்கில் சுமார் 266 கிராம். தடிமன் ஓர் அங்குலத்துக்கும் குறைவு. பெரிய ஸ்மார்ட்போனைப் பேன்ட் பாக்கெட்டில் போட்டுப் பழகியவருக்கு இது இருப்பதே தெரியாது. 2008இல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்ததும் சக்கைப்போடு போட்டது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஃப்ளோரிடாவின் கெல்-டெக் கம்பெனி, ஏறக்குறைய இதே அச்சில் பி-3ஏடி என்று ஒன்றை விற்றுக்கொண்டிருந்தது. ரூகர் அதைப் பார்த்துத்தான் செய்தது என்று துப்பாக்கிப் பிரியர்கள் இன்றைக்கும் சொல்வார்கள்.

பாக்கெட்டில் அடங்கும் துப்பாக்கி மேல் அமெரிக்கர்களுக்கு உள்ள மோகம் பழையது. 1865 ஏப்ரலில் வாஷிங்டன் ஃபோர்டு தியேட்டரில் ஆபிரகாம் லிங்கனைச் சுட்டது, பிலடெல்பியாவின் ஹென்றி டெரிஞ்சர் செய்த, ஆறு அங்குலம்கூட நீளமில்லாத, ஒரே ஒரு குண்டு போடும் பிஸ்டல். அந்தத் தியேட்டரின் அருங்காட்சியகத்திலேயே அதை வைத்திருக்கிறார்கள். இன்றைய பாக்கெட் பிஸ்டல்களில் அதிகம் புழங்கும் .380 தோட்டா, ஜான் பிரௌனிங் வடிவமைத்து 1908இல் வந்தது. 1914இல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரின் உயிரைக் குடித்ததும் அதே ரகத் தோட்டாதான். 'சின்னத் துப்பாக்கிதானே' என்று அலட்சியமாகப் பேசுகிறவர்களுக்கு இந்த இரண்டு சம்பவங்களே போதும்.

ஆடைக்குள் மறைத்துத் துப்பாக்கி எடுத்துச்செல்வதை அங்கே 'கன்சீல்டு கேரி' என்கிறார்கள். 1987இல் ஃப்ளோரிடா, தகுதியுள்ளவர் கேட்டால் பெர்மிட் கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் போட்டது. அதைப் பார்த்து மாநிலம் மாநிலமாகப் பரவியது. இப்போது பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் பெர்மிட்டே தேவையில்லை. வெர்மான்ட்டில் எப்போதுமே தேவைப்பட்டதில்லை. நேர்மாறாக நியூயார்க்கில், 'எனக்குத் தனிப்பட்ட ஆபத்து இருக்கிறது' என்று நிரூபித்தால்தான் பெர்மிட் என்ற விதி நெடுங்காலம் இருந்தது. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றுவிட்டது. தேவை கூடியது, சந்தையும் பெருத்தது.

சந்தை பெருத்ததும் விற்பனைப் பேச்சும் வந்துவிட்டது. முதல்முறை துப்பாக்கி வாங்க வருகிறவர், அதுவும் பெண் என்றால், கவுன்டரில் இருப்பவர் உள்ளதிலேயே குட்டியாக ஒன்றை எடுத்து நீட்டுவார். 'கைக்கு அடக்கமா இருக்கும் பாருங்க.' இதைவிட மோசமான ஆலோசனை கிடையாது. தோட்டா ஒன்றேதான், துப்பாக்கி இலேசாக ஆக ஆக அது பின்னால் உதைக்கும் உதை கூடும். எல்.சி.பி.யின் பிடியில் இரண்டு விரல்தான் உட்காரும், சுண்டுவிரல் அந்தரத்தில் தொங்கும். குழலின் நீளம் 2.75 அங்குலம். குறிபார்க்கும் மேடு, கண்ணாடி போட்டவர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய அளவு. மணிக்கட்டு தளர்ந்திருந்தால், பிஸ்டலின் நகரும் மேல்பாகமான ஸ்லைடு முழுதாகப் பின்னால் போய்த் திரும்பாமல், வெறும் கூடு நடுவில் சிக்கி நிற்கும். பெரிய பிஸ்டலில் பத்து கெஜத்தில் சாதாரணமாகக் குறி வைப்பவர், இதில் ஐந்து கெஜத்திலேயே தடுமாறுவார். பாக்கெட் பிஸ்டல் கைதேர்ந்தவர்களின் கருவி. பழகுவதற்கு வேறு துப்பாக்கி வேண்டும்.

முதல் தோட்டாவை ஏற்ற ஸ்லைடை இழுப்பதே பலருக்குப் பெரும்பாடு. ஜேம்ஸ் பாண்டால் பேர் வாங்கிய வால்தர் பி.பி.கே.யில் ஸ்பிரிங்கும் ஸ்லைடின் எடையும்தான் வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்கவேண்டும். அதனால் ஸ்பிரிங் முரட்டுத்தனமாக இருக்கும். மூட்டுவலிக்காரரால் இழுக்கவே முடியாது. எல்.சி.பி. போன்றவற்றில் சுடும் கணத்தில் குழலும் ஸ்லைடும் பூட்டிக்கொண்டு பிறகு பிரிவதால், இழுப்பது கொஞ்சம் சுலபம். பெரெட்டா இதற்கு ஓர் அழகான வழி கண்டது. அதன் டாம்கேட் மாடலில் ஒரு சின்ன நெம்புகோலைத் தள்ளினால் குழலின் பின்பக்கம் மேலே எழும்பும். தோட்டாவை விரலாலேயே உள்ளே வைத்து மூடிவிடலாம், ஸ்லைடைத் தொடவே வேண்டாம். இன்னொரு கட்சி, 'எதற்கு இந்த வம்பு, ஐந்து குண்டு ரிவால்வர் வாங்கிக்கொள்' என்னும். சிக்கல் குறைவுதான். ஆனால் அதன் டிரிகரை இழுக்க நல்ல விரல்பலம் வேண்டும்.

எதை வாங்கினாலும் கடைக் கவுன்டரில் முடிவு செய்யாமல், வாடகைக்குக் கொடுக்கும் சுடுதளத்தில் முதலில் சுட்டுப் பார்ப்பதுதான் முறை. வாங்கிய பிறகும், பாக்கெட்டில் போடப்போகும் அதே ரகத் தோட்டாவைக் கணிசமாகச் சுட்டு, ஒருதரம்கூடச் சிக்காமல் ஓடுகிறதா என்று பார்க்கவேண்டும். குட்டிப் பிஸ்டல்களுக்குத் தோட்டா விஷயத்தில் பிடித்தது, பிடிக்காதது உண்டு. கம்பெனி பெரியது என்பதும் உத்தரவாதமில்லை. எல்.சி.பி. வந்த அதே 2008இலேயே, கீழே விழுந்தால் தானாக வெடிக்க வாய்ப்பிருக்கிறது என்று ரூகர் அதைத் திரும்பப் பெற்றுச் சரிசெய்தது.

அடுத்தது உறை, அதாவது ஹோல்ஸ்டர். இந்தப் பிஸ்டல்கள் பலவற்றில் தனியாக சேஃப்டி பொத்தான் கிடையாது. டிரிகரை நீளமாக இழுக்க வேண்டியிருப்பதுதான் காப்பு. சாவிக்கொத்தோடு அதே பாக்கெட்டில் போட்டால் அந்தக் காப்பும் போச்சு. நல்ல பாக்கெட் உறை, டிரிகரை முழுக்க மூடும். பிஸ்டலைத் தலைகீழாகப் புரளவிடாது. வெளியிலிருந்து பார்த்தால் பர்ஸ் போலத் தெரியும். எடுக்கும்போது தான் மட்டும் பாக்கெட்டுக்குள்ளேயே நிற்கும். அந்தப் பாக்கெட்டில் வேறு எதுவும் இருக்கக்கூடாது. சில்லறைகூட.

உறை இல்லாமல் போனால் என்னாகும்? நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம் பிளாக்சிகோ பர்ரஸ், 2008 நவம்பரில் மன்ஹாட்டன் கிளப் ஒன்றுக்குத் துப்பாக்கியை ட்ராக் பேன்ட்டின் இடுப்பில் செருகிக்கொண்டு போனார். அது கால்வழியே நழுவியது. பிடிக்கப் போனார். தன் தொடையிலேயே குண்டு. ஃப்ளோரிடாவில் வாங்கிய அவரது பெர்மிட் காலாவதியாகியிருந்தது. நியூயார்க்கில் அது எப்படியும் செல்லாது. தண்டனை இரண்டு ஆண்டுச் சிறை.

பராமரிப்புக்கு வருவோம். பீரோவில் தூங்கும் துப்பாக்கியைவிடப் பாக்கெட்டில் திரியும் துப்பாக்கிக்குத்தான் கவனிப்பு அதிகம் வேண்டும். ஒரு குண்டுகூடச் சுடாமலே அது அழுக்காகும். துணியின் பஞ்சுத்தூசி குழல்வாயில், குறிமேட்டின் அடியில், தோட்டாக்களை அடுக்கும் மேகசினின் ஓட்டையில் அப்பிக்கொள்ளும். எண்ணெய் பட்டால் அதுவே பிசினாகிவிடும். தொடை வியர்வையின் உப்பு, ஃப்ளோரிடா, டெக்சாஸ் கோடையில் கருநீலப் பூச்சுள்ள ஸ்லைடைச் சில நாளிலேயே துருப்பிடிக்க வைக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கொஞ்சம் தாங்கும், துருவே வராது என்பதில்லை.

துடைக்க உட்காருவதற்கு முன் மேகசினைக் கழற்றவேண்டும். ஸ்லைடைப் பின்னால் இழுத்து, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை காலிதான் என்று கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டுத் தடவியும் பார்க்கவேண்டும். தோட்டாக்களைப் பக்கத்து அறைக்கு அனுப்பிவிடவேண்டும். வரிசை முக்கியம். மேகசினை எடுக்காமல் ஸ்லைடை இழுத்தால், ஒரு தோட்டா வெளியே விழும், அடுத்தது உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். 'காலி என்று நினைத்தேன்' விபத்துகள் பல இப்படி வந்தவை. பிறகு பழைய டூத்பிரஷ்ஷே போதும், தூசி போய்விடும். ஸ்லைடு ஓடும் தடங்களில் சொட்டுச் சொட்டாக எண்ணெய், மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுக்கவேண்டும். சாப்பாட்டு மேஜையில் இந்த வேலை வேண்டாம். தோட்டாப் புகையில் ஈயம் உண்டு. முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவவேண்டும்.

சின்ன உடம்புக்குள் வேலை செய்யும் ஸ்பிரிங் சீக்கிரம் தளரும். கம்பெனி சொன்ன கணக்கில் மாற்றிவிடவேண்டும், விலை அற்பம். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. தினமும் இரவில் தோட்டாவை அறையிலிருந்து எடுத்து, காலையில் அதையே திரும்ப ஏற்றினால், ஒவ்வொரு முறையும் மோதி மோதிக் குண்டு தன் கூட்டுக்குள் மெல்ல இறங்கிவிடும். அப்படி இறங்கிய தோட்டா வெடித்தால் உள்ளே அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறும். புதுத் தோட்டா ஒன்றைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் உயர வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். தெரிந்தால் தூர ஒதுக்கிவிடவேண்டும்.

வீட்டில் குழந்தை இருந்தால் இரும்புப் பெட்டி, பூட்டு. இதில் பேச்சே கிடையாது. 2014 டிசம்பரில் ஐடஹோவில், துப்பாக்கிக்கென்றே தனி அறை வைத்துத் தைத்த கைப்பையோடு கடைக்குப் போன ஒரு தாயை, அந்தப் பையைத் திறந்த அவரது 2 வயது மகனே சுட்டுவிட்டான். அவர் அங்கேயே இறந்தார். அமெரிக்காவின் துப்பாக்கிச் சாவுகளில் பாதிக்கும் மேல் தற்கொலை என்பதையும், மனம் சரியில்லாதவர் இருக்கும் வீட்டில் நினைவில் வைக்கவேண்டும்.

இலேசான பொருளுக்கு இன்னொரு கெட்ட குணம், மறந்துபோவது. 2023இல் மட்டும் அமெரிக்க விமான நிலையச் சோதனைகளில் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன. நூற்றுக்கு 93 குண்டு நிரப்பியவை. 'பையில் இருந்ததே ஞாபகமில்லை' என்பதுதான் பிடிபட்டவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில்.

அங்கே வாழும் தமிழர்களுக்கு இரண்டு விஷயங்கள். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதையே, வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் தவிர, மத்தியச் சட்டம் தடுக்கிறது. கிரீன் கார்டு வந்த பிறகு நிலைமை வேறு. இரண்டாவது, சுடுதளத்துக்குக் கொண்டுபோன பையை ஊருக்கு எடுத்து வரவே வராதீர்கள். பையின் மூலையில் தங்கிய ஒற்றைத் தோட்டாவால், இந்திய விமான நிலையங்களில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி வழக்கில் சிக்கியவர்கள் பலர். தெரியாமல் வந்தது என்று காட்டினால் நீதிமன்றம் பெரும்பாலும் வழக்கை ரத்து செய்துவிடுகிறது. ஆனால் அதற்குள் லீவும் டிக்கெட்டும் போயிருக்கும்.