ரயில் நின்ற நாட்களில்

ஒக்கலிபுரத்தில் குடியிருப்பவர்களுக்கு ரயில் சத்தம் தாலாட்டு மாதிரி. சிட்டி ஸ்டேஷன் கூப்பிடு தூரம். 2020 மார்ச் 22-ஆம் தேதி இரவோடு பயணிகள் ரயில்கள் நின்றன. அந்த மௌனத்தில் எங்களில் பலருக்குத் தூக்கமே வரவில்லை. ஊருக்குப் போக வழியில்லை. அத்திப்பள்ளியைத் தாண்ட வேண்டுமானால் பாஸ் வேண்டும் என்றார்கள். மில்லிலும் கடையிலும் தினக்கூலிக்கு உழைப்பவன் கையில் பாஸுக்கு என்ன இருக்கிறது?

இதே ரயில்தான் முன்னொரு காலத்தில் இந்த ஊருக்கு நோயைக் கொண்டுவந்தது. 1898 ஆகஸ்டில் ஹூப்ளிப் பக்கமிருந்து ரயிலேறி வந்தது பிளேக். ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். எலியின் மேலுள்ள தெள்ளுப்பூச்சியே அதைப் பரப்புகிறது என்று சைமண்ட் என்ற பிரெஞ்சு டாக்டர் கராச்சியில் கண்டறிந்ததும் அதே வருஷம்தான். ஆனால் அதை ஊர் உலகம் நம்பப் பல வருஷம் பிடித்தது. அதுவரை அதிகாரிகள் வீடுவீடாகச் சோதனை போட்டு, நோயாளியைப் பிரித்துக் கொண்டுபோனார்கள். ஜனங்களோ நோயைவிட அதிகாரிகளுக்கு அதிகம் பயந்து, நோயாளிகளை ஒளித்துவைத்தார்கள்.

நெரிசலைக் குறைக்க மல்லேசுவரமும் பசவனகுடியும் விஸ்தரிக்கப்பட்டன. தண்டுப் பகுதியில் 1910-ல் பிரேசர் டவுன் எழுந்தது. எலி புகாத வீடுகள் கட்ட வேண்டும் என்பதே அதன் திட்டம். ஏழைகள் வேறொன்றும் கட்டினார்கள்: பிளேக் மாரம்மாவுக்குக் கோவில். கோயமுத்தூரிலும் பிளேக் மாரியம்மன் உண்டு. படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். எனக்கென்னவோ சிரிப்பு வரவில்லை. டாக்டரும் கைவிட்ட இடத்தில், "அம்மா, கொஞ்சம் பொறுத்துக்கொள்" என்று நோயின் பெயரையே சொல்லிக் கெஞ்சுவதற்கு ஓர் இடம் வேண்டியிருந்தது.

கொரோனா நாட்களுக்கு வருவோம். நாங்கள் இருப்பது ஏழு வீட்டு ஒண்டுக்குடித்தனம். 2020 ஜூலை 14 முதல் 22 வரை பெங்களூரை மறுபடி பூட்டினார்கள். ஆடி பிறந்ததே அந்தப் பூட்டுக்குள்தான். தெருவில் பெரிய அண்டாவில் கூழ் காய்ச்சி ஊற்றும் வழக்கம் அந்த வருஷம் இல்லை. அந்த நாட்களில்தான் கடைசி வீட்டில் ஒருவருக்கு நோய் கண்டது. எல்லோரும் ஜன்னலை அடைத்தோம். நானும்தான். அரிசியும் பருப்பும் வாசலில் வைத்து, கதவைத் தட்டிவிட்டு ஓடிவந்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

எதிர்வீட்டுக் கன்னடத்து அஜ்ஜி மட்டும் ஓடவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு முற்றத்தின் நடுவில் தினமும் இருவேளை நிற்பார். "ஏனம்மா, ஊட்டா ஆயித்தா?" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார். பதில் வரும்வரை நகரமாட்டார். கூழ் ஒரு தூக்குவாளியில் போகும். வாளியை வெந்நீரில் கழுவித் திருப்பி வைப்பார்கள். மூன்று வாரம் கழித்து அந்த வீட்டுக்காரர் வெளியே வந்தபோது முதலில் கேட்டது, "அஜ்ஜி எங்கே?" என்றுதான்.

மறு வருஷம் நிலைமை இன்னும் கொடுமை. 2021 ஏப்ரல், மே மாதங்களில் சுடுகாடுகளில் வண்டிகள் வரிசைகட்டி நின்றன. தாவரேகெரேயிலும் கித்தேனஹள்ளியிலும் திறந்தவெளியில் சிதைகள் எரிந்தன. அங்கே காப்பி, சாப்பாடு இலவசம் என்று தலைவர்கள் படத்தோடு ஒரு பேனர் வைத்ததும், ஊர் காறித் துப்பியதும் அதை எடுத்ததும் தனிக்கதை.

பெற்ற பிள்ளையே கிட்டே வரப் பயந்த சடலங்களை எடுக்க 'மெர்சி ஏஞ்சல்ஸ்' என்ற தொண்டர்கள் முன்வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் இளைஞர்கள். கவச உடை போட்டுக்கொண்டு, காசு வாங்காமல், இந்துவைச் சிதைக்கும் கிறிஸ்தவரைக் கல்லறைக்கும் அவரவர் முறைப்படி கொண்டுசேர்த்தார்கள். நோன்பு மாதத்திலும் அந்த வேலை நிற்கவில்லை. வெயிலில் அந்த உடைக்குள் தண்ணீர் இல்லாமல் இருப்பது எப்படிப்பட்டது என்று யோசித்துப் பார்க்கலாம்.

ரயில்கள் ஓடத் தொடங்கிய பிறகு ஒருநாள், வெளியூர் கிளம்பிய அஜ்ஜியின் பெட்டியை ஸ்டேஷன் வரை சுமந்தவர் அந்தக் கடைசி வீட்டுக்காரர். வண்டி நகரும்போது ஜன்னலில் குனிந்து, "அஜ்ஜி, ஊட்டா ஆயித்தா?" என்று கேட்டார்.