ஓர் இணைப்பா, இரண்டா, ஒன்றுமே வேண்டாமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பை உருக்கும் ஃபர்னஸ்களும் கம்பியாக உருட்டும் ரோலிங் மில்களும் அதிகம். பக்கத்தில் தேர்வாய் கண்டிகையில் டயர் ஆலை, திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில் சிறு பட்டறைகள். இங்கே வேலை செய்யும் ஒருவருக்கு எடைக் குறைப்பு அறுவை தேவை என்று மருத்துவர் சொன்னால், எந்த அறுவை என்ற கேள்விக்கு விடை எப்படிக் கிடைக்கிறது என்பதை வரிசையாகப் பார்க்கலாம். கணக்குப் போட ஓர் ஆள் வேண்டும். வயது 42, உயரம் 168 செ.மீ., எடை 105 கிலோ, நெடுநாளாகச் சர்க்கரை, ஃபர்னஸ் பகுதியில் ஷிப்ட் வேலை என்று ஒருவரை வைத்துக்கொள்வோம்.

முதல் வேலை அளவெடுப்பது. கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் பி.எம்.ஐ. கிடைக்கும். இவருக்கு அது 37.2. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் 1991-இல் வகுத்த விதி 40-ஐ எல்லையாக வைத்தது. கூடவே வேறு நோய் இருந்தால் 35 போதும் என்றது. 2022-இல் உலக அளவிலான அறுவை மருத்துவர் சங்கங்கள் அந்த எல்லையை 35-க்கும், நோய் இருப்பின் 30-க்கும் இறக்கின. குறைந்த எடையிலேயே சர்க்கரை வந்துவிடுகிற ஆசியர்களுக்கு 27.5 முதலே பரிசீலிக்கலாம் என்றன. இந்தியாவின் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வகுத்த விதி மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது. 18 வயது நிறைந்து, பி.எம்.ஐ. 40 இருக்க வேண்டும்; அல்லது 35 இருந்து, கட்டுப்படாத சர்க்கரை, இதயநோய், கடுமையான உறக்க மூச்சடைப்பு இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும்; எளிய வழிகளில் எடை குறையவில்லை என்பதும் தெரிய வேண்டும்.

ஆக, நம் ஆள் மருத்துவக் கணக்கில் நேராகத் தேறுகிறார். காப்பீட்டுக் கணக்கில் சர்க்கரையைக் காட்டித்தான் தேறுகிறார். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்.பி.ஏ.1சி. முடிவுகளையும், உணவு முறையும் மருந்தும் முயன்று பார்த்ததற்கான சீட்டுகளையும் தேதி வாரியாக அடுக்கி வைப்பது இந்தக் கட்டத்திலேயே நடக்க வேண்டும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் அவர் இ.எஸ்.ஐ.யில் இருப்பார். மருந்தகத்தில் தொடங்கி, பரிந்துரைக் கடிதத்துடன் அயனாவரம் அல்லது கே.கே. நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போகும் பாதை அது.

அடுத்தது பரிசோதனைகள். ரத்தம், தைராய்டு, ஈ.சி.ஜி., எக்கோ, வயிற்று ஸ்கேன் எல்லாம் வழக்கமானவை. பித்தப்பையில் கல் இருந்தால் ஸ்கேனில் தெரிந்துவிடும். பலமாகக் குறட்டை விடுபவருக்கு ஓர் இரவு உறக்கச் சோதனை நடக்கும்; மூச்சடைப்பு உறுதியானால் அறுவைக்கு முன்பே முகமூடிக் கருவியைப் பழக்குவார்கள். மனநல மருத்துவரும் உணவியல் வல்லுநரும் தனித்தனியே பேசுவார்கள்.

இவ்வளவிலும் தேர்வை நடத்துவது எண்டோஸ்கோப்பிதான். விரல் பருமனுக்கும் குறைந்த குழாய் வாய் வழியே இறங்கி, பத்து நிமிடத்துக்குள் சில கேள்விகளுக்கு விடை கொண்டுவருகிறது. உணவுக்குழாயின் அடியில் அமிலம் அரித்த புண் உண்டா? இரைப்பையின் மேல் நுனி உதரவிதானத் துளை வழியே மார்புக்குள் ஏறியிருக்கிறதா? ஹெலிகோபேக்டர் கிருமி இருக்கிறதா? கிருமி இருந்தால் மருந்து கொடுத்து ஒழித்துவிட்டு அறுவைக்குப் போகலாம். மற்ற இரண்டும் அறுவையின் வடிவத்தையே மாற்றக்கூடியவை.

இப்போது வடிவங்களுக்கு வரலாம். சிலிக்கோன் வளையத்தை இரைப்பையில் மாட்டும் முறை, நழுவலும் அரிப்பும் காரணமாக ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது. குடலின் பெரும்பகுதியைத் தாண்டிவிடும் டியோடினல் ஸ்விட்ச், எடையை மற்ற எல்லாவற்றையும் விட அதிகம் இறக்கும். புரதக் குறைவையும் அதே வேகத்தில் கொண்டுவரும். மிக அதிக எடையுள்ளவர்களுக்கு அன்றி அதை யாரும் எடுப்பதில்லை. மீதி மூன்று. இவற்றைக் குடலில் புதிதாகப் போடும் இணைப்புகளின் எண்ணிக்கையால் பிரித்துப் பார்ப்பது வசதி.

ஸ்லீவ் முறையில் இணைப்பே இல்லை. இரைப்பையின் வெளிவளைவுப் பக்கம் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுக்கப்பட்டு, 100 முதல் 150 மி.லி. கொள்ளும் ஒடுங்கிய குழாய் மட்டும் மிஞ்சும். பசியைத் தூண்டும் கிரெலின் பெரும்பாலும் சுரக்கும் மேற்பகுதியும் அதோடு போய்விடும். குடலில் கை வைப்பதில்லை. ஆனால் ஒடுங்கிய குழாயில் அழுத்தம் கூடுவதால் அமிலம் மேலே எதுக்களிக்கும். வெட்டிய பகுதியைத் திரும்ப வைக்கவும் முடியாது.

மினி பைபாஸ் முறையில் ஓர் இணைப்பு. 1997-இல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் ரட்லெட்ஜ் தொடங்கிய இம்முறை இந்தியாவில் நன்றாக வேரூன்றியது. இரைப்பையை நீள வாக்கில் ஒரு பையாகப் பிரித்து, சிறுகுடலின் தொடக்கத்திலிருந்து 150 முதல் 200 செ.மீ. தள்ளி ஒரு வளையத்தைத் தூக்கிப் பொருத்துவார்கள். நேரம் குறைவு, சர்க்கரை நன்றாக இறங்கும். ஆனால் பித்தநீர் அந்த இணைப்பைக் கடந்துதான் போக வேண்டும். சிலருக்கு அது பைக்குள் ஏறி எரிச்சல் தரும்.

ரூ-என்-ஒய் பைபாஸில் இரண்டு இணைப்புகள். 30 மி.லி. அளவுக்குச் சிறு பை, அதில் சிறுகுடலின் ஒரு கிளை. பித்தநீர் வரும் கிளை இன்னும் 100 முதல் 150 செ.மீ. கீழே வந்து சேரும். பித்தநீரும் அமிலமும் உணவுக்குழாய்ப் பக்கம் வருவதற்கு வழி மிகக் குறைவு. எதுக்களிப்பு உள்ளவருக்கு இதுவே சரியான அமைப்பு. இரண்டு இணைப்புகளுக்கு இரண்டு கசிவு வாய்ப்பு, கூடுதல் நேரம், குடல் இடைவெளிக்குள் குடலே சிக்கும் உள்குடலிறக்க அபாயம், பிற்காலத்தில் ஒதுக்கப்பட்ட இரைப்பைக்குள் குழாய் விட்டுப் பார்க்க இயலாமை: இவை இதற்குக் கொடுக்கும் விலை.

எது அதிக எடையைக் குறைக்கும் என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. அதற்கு ஃபின்லாந்தில் 240 பேரிடம் நடந்த ஸ்லீவ்பாஸ் ஆய்வு பத்தாண்டு விடை வைத்திருக்கிறது. மிகை எடையில் ஸ்லீவ் குறைத்தது ஏறத்தாழ 44 விழுக்காடு, ரூ-என்-ஒய் பைபாஸ் குறைத்தது ஏறத்தாழ 51. நம் ஆளின் கணக்கில் பொருத்தினால், பி.எம்.ஐ. 25-க்கு 70.6 கிலோ இருக்க வேண்டும், மிகை 34.4 கிலோ. ஸ்லீவில் 15 கிலோவும் பைபாஸில் 17.5 கிலோவும் பத்தாம் ஆண்டில் குறைந்து நிற்கும். வேறுபாடு இரண்டரைக் கிலோ. அதே ஆய்வில் உணவுக்குழாய் அழற்சி ஸ்லீவ் செய்தவர்களில் 31 விழுக்காட்டினருக்கு, பைபாஸ் செய்தவர்களில் 7 விழுக்காட்டினருக்கு. இரண்டரைக் கிலோவுக்காக அறுவையைத் தேர்ந்தெடுப்பதில் பொருளில்லை. எண்டோஸ்கோப்பி அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு தேர்ந்தெடுப்பதில் பொருள் உண்டு.

அறிக்கைக்கு அடுத்து பார்க்க வேண்டியது வேலையும் பழக்கமும். பைபாஸ் இணைப்பின் விளிம்பில் புண் வருவதற்குப் பெரிய காரணங்கள் புகையும் வலி மாத்திரையும். பளு தூக்கி இடுப்பு வலிக்கும்போது மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொள்வது ஆலைப் பகுதியில் சாதாரணம். பீடியும் வலி மாத்திரையும் விடமுடியாதவருக்கு இணைப்பு வைப்பது வம்பை விலைக்கு வாங்குவது. சீனி அதிகம் போட்ட டீ பைபாஸ் குடலுக்குள் சட்டென்று இறங்கினால் படபடப்பு, வியர்வை. ஓரிரு மணி நேரம் கழித்துச் சர்க்கரை தாழ்ந்து தலைசுற்றல். தரையில் நிற்பவர் உட்கார்ந்துகொள்ளலாம், கிரேன் கேபினில் இருப்பவர் என்ன செய்வார்? பைபாஸுக்குப் பின் மது ரத்தத்தில் வேகமாக ஏறும் என்பதையும் டாஸ்மாக் வாடிக்கையாளரிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வாழ்நாள் முழுக்க விட்டமின் மாத்திரை விழுங்க ஒத்துக்கொள்ளாதவருக்கு 200 செ.மீ. குடலைத் தாண்டிவிடும் முறை ஆகாது.

வடிவம் முடிவானதும் இடம். 2024 ஏப்ரலில் புதுச்சேரி இளைஞர் ஒருவர் சென்னைப் புறநகரில் இவ்வகை அறுவைக்குப் போய் இறந்தபோது, அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. அனுபவமுள்ள மையங்களில் உயிரிழப்பு ஆயிரத்தில் ஒன்று என்ற அளவுதான். அந்த அனுபவம் இருக்கிறதா என்பதைக் கேட்டுத்தான் அறிய வேண்டும்: அதே கட்டடத்தில் ஐ.சி.யூ. உண்டா, மயக்க மருத்துவர் இரவிலும் இருப்பாரா, ரத்த வங்கி எங்கே, கசிவு வந்தால் மறுபடி திறக்க யார் வருவார்? கும்மிடிப்பூண்டிப் பாதையும் திருவள்ளூர்ப் பாதையும் சென்ட்ரலில்தான் வந்து முடிகின்றன. ஆண்டுக்கணக்கில் போய்வர ரயிலில் எட்டும் மருத்துவமனையே மேல்.

அறுவைக்கு முந்தைய இரண்டு வாரம் கல்லீரலுக்கானது. நாளொன்றுக்கு 800 முதல் 1000 கலோரிக்குள் உணவு. மோர், பருப்புத் தண்ணீர், வேகவைத்த காய், முட்டை வெள்ளைக்கரு. கொழுப்பேறிய கல்லீரலின் இடப்பக்கம் இரைப்பையின் மேல் கூரையாக மூடியிருக்கும். அது சுருங்கினால்தான் மருத்துவரின் கருவிக்கு வழி கிடைக்கும்.

அறுவை மேசையில் தலைப்பக்கம் உயர்த்தப்பட்டு, கெண்டைக்கால்களில் ரத்தம் உறையாமல் அழுத்தும் உறைகள் மாட்டப்படும். ஐந்து துளைகள், 5 முதல் 15 மி.மீ. வரை. வயிற்றுக்குள் கரியமில வாயு, பாதரச அளவில் ஏறத்தாழ 15 மி.மீ. அழுத்தத்தில். ஸ்லீவ் என்றால் முதலில் வெளிவளைவை ஒட்டிய கொழுப்புத் திரையையும் மண்ணீரல் பக்கமிருந்து வரும் குறு நாளங்களையும் மீயொலிக் கத்தி பிரித்துக்கொண்டே மேலே ஏறும். பிறகு வாய் வழியாக 36 ஃப்ரெஞ்ச், அதாவது 12 மி.மீ. பருமனுள்ள அளவுக்குழாய் இறக்கப்படும். இரைப்பையின் கீழ்வாயிலிருந்து சுமார் 4 செ.மீ. விட்டு, அந்தக் குழாயை ஒட்டி ஸ்டேப்லர் வைக்கப்படும்.

கருவியின் நுட்பம் இங்கேதான். 60 மி.மீ. தாடை, பக்கத்துக்கு மூன்று வரிசையாக ஆறு வரிசை டைட்டானியம் கிளிப், நடுவே ஓடும் கத்தி. தைப்பதும் வெட்டுவதும் ஒரே ஓட்டத்தில் முடிந்து, வெட்டுவாய் மூட்டை தைத்தது போல மூடிக்கிடக்கும். தாடையை மூடிய உடனே சுடமாட்டார்கள். பத்துப் பதினைந்து நொடி அழுத்திப் பிடித்து, திசுவிலுள்ள நீர் விலகிச் சுவர் மெலிந்த பிறகே சுடுவார்கள். கீழ்ப்பகுதியில் சுவர் தடிப்பு, அதற்கு உயரமான கிளிப். மேலே போகப் போகக் குட்டையான கிளிப். ஐந்தாறு தோட்டாக்களில் வேலை முடியும். உச்சியில் உணவுக்குழாய் சேருமிடத்தில் ஒரு செ.மீ. விட்டு நிறுத்த வேண்டும். கசிவு பெரும்பாலும் அங்கேதான் வரும்.

பைபாஸ் என்றால் குடலை அளக்கும் வேலை கூடுதலாகச் சேரும். 10 செ.மீ. குறியிட்ட இடுக்கியால் கைமாற்றிக் கைமாற்றி எண்ணுவார்கள். இணைப்புகள் முடிந்ததும் குடல்தாங்கியில் விழுந்த இடைவெளிகளையும் கரையாத நூலால் தைத்து மூட வேண்டும். இதைச் சோம்பாமல் செய்பவரே நல்ல கைவினைஞர். கடைசியில் நீலச் சாயமோ காற்றோ செலுத்திக் கசிவு பார்ப்பார்கள். ஸ்லீவுக்கு ஒன்றரை மணி, ரூ-என்-ஒய்க்கு இரண்டு முதல் மூன்று மணி.

அன்று மாலையே நடக்க வைப்பார்கள். இரண்டு மூன்று நாளில் வீடு. இரண்டு வாரம் நீராகாரம், அடுத்த இரண்டு வாரம் மசித்தது, பிறகு குழைந்த இட்லி, மீன், பயறு என்று ஏறி, ஆறு முதல் எட்டு வாரத்தில் வழக்கமான உணவு. நாளுக்கு 60 முதல் 80 கிராம் புரதம். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் அரை மணி நேரம் தண்ணீர் கூடாது. சர்க்கரை மருந்தின் அளவை முதல் நாளிலிருந்தே குறைக்காவிட்டால் சர்க்கரை தாழ்ந்துபோகும்.

பளு தூக்கும் வேலைக்கு ஆறு வாரம் பொறுக்க வேண்டும். இ.எஸ்.ஐ. தகுதியுள்ளவருக்கு நோய்க்காலப் பயனாக ஊதியத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். ஃபர்னஸ் பகுதிக்குத் திரும்புவது தனிப் பிரச்சினை. அங்கே உடல் இழக்கும் நீரை ஒரே மூச்சில் ஈடுசெய்ய இந்த வயிற்றால் முடியாது, மடக்கு மடக்காகத்தான் போகும். முதல் மூன்று மாதம் சூடு குறைந்த பகுதியில் வேலை தரும்படி மருத்துவச் சான்று வாங்கிக்கொள்வது நல்லது.

வேகமாக மெலியும்போது பித்தக்கல் உருவாகும் என்பதால் ஆறு மாதம் அர்சோ மாத்திரை. கால்சியம், இரும்பு, பி12, விட்டமின் டி வாழ்நாள் முழுக்க. ரத்தச் சோதனை முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும். பெண்களானால் ஒன்று முதல் ஒன்றரை ஆண்டு கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். ஸ்லீவ் செய்துகொண்டவர் சில ஆண்டுக்கு ஒருமுறை எண்டோஸ்கோப்பி பார்ப்பது நல்லது. அதில் அரிப்பு தெரிந்து, மருந்துக்கும் அடங்காவிட்டால், அந்தக் குழாயின் மேல்பகுதியைப் பையாக்கி ரூ-என்-ஒய்யாக மாற்றிவிடலாம். பைபாஸிலிருந்து ஸ்லீவுக்கு வருவது அவ்வளவு எளிதல்ல. எதுக்களிப்பு இல்லாமல், புகையை விடுவாரா என்ற ஐயம் மட்டும் உள்ளவருக்கு மருத்துவர்கள் ஸ்லீவைச் சொல்லும்போது, இந்த மறுவாய்ப்பும் அவர்கள் கணக்கில் இருக்கிறது.