சட்டைப் பையில் அடங்கும் யமன்

ஆபிரகாம் லிங்கனுடைய மரணத்தைப் பற்றி வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்து நின்றான். "ஸார், கையிலே துப்பாக்கி வைத்திருந்தவன் கூடவே கத்தியையும் ஏன் எடுத்துப் போனான்?" என்று கேட்டான். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது வருஷமாக அந்தப் பாடத்தை நடத்தி வருகிறேன். அந்தக் கேள்வி ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. "நாளைக்குச் சொல்லுகிறேன், உட்கார்" என்று சமாளித்துவிட்டு, அன்று மாலையே நூல் நிலையத்துக்குப் போனேன். ஒரு நாளில் முடியும் என்று நினைத்த காரியம் பல வாரங்களை விழுங்கிவிட்டது. அங்கே அறிந்தவற்றை நேயர்களுக்கும் சொல்லலாமென்று தோன்றுகிறது.

1865ஆம் வருஷம் ஏப்ரல் 14ந் தேதி இரவு, வாஷிங்டன் நகரத்து போர்டு நாடக சாலையில், ஜான் வில்க்ஸ் பூத் என்ற நடிகன் லிங்கனைத் தலையின் பின்புறத்தில் சுட்டான். மறுநாள் காலை அந்த மகானின் உயிர் பிரிந்தது. பூத் உபயோகித்தது பிலடெல்பியா நகரத்து ஹென்றி டெரிஞ்சர் என்பவர் தயாரித்த சிறு துப்பாக்கி. உள்ளங்கையில் மறைத்துவிடலாம். ஆனால் ஒரு தடவைதான் சுடும். மறுபடியும் சுட வேண்டுமானால், குழாயின் வாய் வழியாக மருந்தும் குண்டும் போட்டுக் கெட்டித்தாக வேண்டும். அதுவரையில் அது வெறும் இரும்புத் துண்டே. ஆகையால் பலர் அத்தகைய துப்பாக்கிகளை ஜோடியாகவே வாங்கினார்கள். பூத்தோ கத்தி கொண்டுவந்தான். சுட்ட துப்பாக்கியை அங்கேயே போட்டுவிட்டு, தன்னைப் பிடிக்க வந்த ராணுவ அதிகாரியை அந்தக் கத்தியால் கையில் குத்தினான். மாணவனுடைய கேள்விக்கு இதுதான் விடை. ஓர் ஆயுதம் கைவிட்டால் மற்றொன்று வேண்டும்.

டெரிஞ்சருக்குப் பிறகு, ஜான் மோஸஸ் பிரௌனிங் என்ற அமெரிக்க நிபுணர் இந்தக் குட்டித் துப்பாக்கியின் ஜாதகத்தையே மாற்றிவிட்டார். 1905ஆம் வருஷத்தையொட்டி, பெல்ஜியம் தேசத்துத் தொழிற்சாலை ஒன்றுக்காக, கால் அங்குலக் குறுக்களவுள்ள தோட்டாவையும், அதை ஒன்றன்பின் ஒன்றாகத் தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கியையும் அவர் அமைத்துக் கொடுத்தார். எடை நானூறு கிராமுக்கும் குறைவு. அரைக்கோட்டின் பையில் அடங்கும். 1908இல் கோல்ட் கம்பெனியார் அமெரிக்காவிலேயே அதைச் செய்து விற்கலானார்கள். பிரௌனிங் என்ற பெயர் நம்மவர் காதுக்குப் புதிதல்ல. 1911ஆம் வருஷம் ஜூன் 17ந் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கையிலிருந்ததும் பிரௌனிங் துப்பாக்கிதான். ஆனால் இவையெல்லாம் நல்ல எஃகினால் செய்த, விலையுயர்ந்த சாமான்கள். நான் சொல்ல வந்த கதை மலிவுச் சரக்கைப் பற்றியது.

அமெரிக்கப் போலீஸார் பலரிடம் ஒரு பழக்கம் உண்டு. இடுப்பில் தொங்கும் பெரிய துப்பாக்கி தவிர, கணுக்காலிலோ சட்டைப் பையிலோ ஒரு சிறு துப்பாக்கியையும் மறைத்து வைத்துக்கொள்வார்கள். முதலாவது கைநழுவினாலும், எதிரி பிடுங்கிக்கொண்டாலும், தோட்டா தீர்ந்துபோனாலும் இரண்டாவது கைகொடுக்கும். இது வீண் பயமல்ல. 1986ஆம் வருஷம் ஏப்ரல் 11ந் தேதி, மயாமி நகரத்தின் அருகே, கொள்ளைக்காரர் இருவரை மத்தியத் துப்பறியும் இலாகாவினர் எட்டுப் பேர் கார்களில் துரத்தி மடக்கினார்கள். கார்கள் மோதிய வேகத்தில் இரண்டு அதிகாரிகளின் துப்பாக்கிகள் எங்கேயோ தெறித்துப் போயின. அவர்களில் ஒருவர் குனிந்து கணுக்காலிலிருந்த இரண்டாவது துப்பாக்கியை எடுத்துப் போராடினார், படுகாயமடைந்தும் பிழைத்துக்கொண்டார். அன்றைய சண்டையில் அதிகாரிகள் இருவர் மாண்டனர், ஐவர் காயமுற்றனர், கொள்ளைக்காரர் இருவரும் கொல்லப்பட்டனர். ஆனால் அந்த அதிகாரியின் கணுக்காலிலிருந்தது மலிவுச் சரக்கல்ல என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். அது ஐந்து தோட்டா கொள்ளும் எஃகு ரிவால்வர். கடைசிக் கணத்தில் நம்பவேண்டிய பொருள் முதலாவதைக் காட்டிலும் உறுதியாக இருக்கவேண்டுமல்லவா?

மலிவுத் துப்பாக்கி அப்படிப்பட்டதல்ல. அமெரிக்கர்கள் அதற்கு "சனிக்கிழமை இரவுச் சரக்கு" என்று ஏளனமாகப் பெயரிட்டார்கள். அதன் உடல் எஃகு அல்ல. துத்தநாகக் கலப்பு உலோகம். அதை உருக்கி அச்சில் வார்த்துவிடலாம், கடைசல் வேலை குறைவு, கூலியும் குறைவு. அந்தக் கலப்பு நானூறு டிகிரி சென்டிகிரேடுக்குள்ளாகவே உருகிவிடும். இதைக் கண்ட இல்லினாய் முதலிய சில மாகாணங்கள் ஒரு விநோதமான சட்டம் செய்தன. 800 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் குறைந்த சூட்டில் உருகும் உலோகத்தாலான கைத்துப்பாக்கியை வியாபாரிகள் விற்கலாகாது என்பதே அது. துப்பாக்கியின் தராதரத்தை அடுப்பில் வைத்துச் சோதித்தது போலத்தான்!

இதற்கு முன்பே, 1968ஆம் வருஷத்தில் மத்திய சர்க்கார் ஒரு பெரிய சட்டம் இயற்றியிருந்தது. அந்த வருஷம் ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டார். ஜூனில் ராபர்ட் கென்னடி சுடப்பட்டார். தேசமே பதறியது. விளையாட்டுக்கும் வேட்டைக்கும் உதவாத அந்நியத் துப்பாக்கிகள் இறக்குமதியாகக் கூடாது என்று அச்சட்டம் விதித்தது. ஆனால் ராபர்ட் கென்னடியின் உயிரைக் குடித்த சிறு ரிவால்வர் அந்நியச் சரக்கல்ல. மாஸசூஸெட்ஸ் மாகாணத்துக் கம்பெனி ஒன்றின் பெயரைத் தாங்கியது. சட்டம் கடல் வாசலை அடைத்தது. கொல்லைப்புறக் கதவு திறந்தே கிடந்தது.

அந்தக் கதவு வழியாக இரண்டு விதமான வியாபாரிகள் நுழைந்தார்கள். ரோம் என்ற ஜெர்மன் கம்பெனி, துப்பாக்கியின் உறுப்புகளை மட்டும் அனுப்பி, மயாமி நகரத்தில் பூட்டி விற்க ஏற்பாடு செய்தது. மற்றொரு புறம், 1970இல் ஜார்ஜ் ஜென்னிங்ஸ் என்பவர் தெற்குக் கலிபோர்னியாவில் ரேவன் என்ற பெயரால் தொழில் தொடங்கி, துத்தநாகக் கலப்பில் கால் அங்குலத் துப்பாக்கிகளை வார்த்துத் தள்ளினார். நூறு டாலருக்கும் குறைந்த விலை, அமோக விற்பனை. உறவினரும் தெரிந்தவர்களும் ஆளுக்கொரு தொழிற்சாலை வைத்தார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தைச் சூழ்ந்த இந்தக் கூட்டத்துக்கு, 1994இல் டாக்டர் கேரன் விண்டமூட் தம் ஆராய்ச்சியில் "நெருப்பு வளையம்" என்று பெயர் சூட்டினார்.

சிறு குண்டுதானே, என்ன செய்துவிடும் என்று சிலர் நினைக்கலாம். கால் அங்குலக் குண்டின் எடை மூன்று கிராம் சொச்சம். ராணுவத்தார் உபயோகித்த பெரிய கைத்துப்பாக்கிக் குண்டின் எடை பதினைந்து கிராம். தாக்கும் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் சிறியதற்கு உண்டு. ஆனால் அந்த ஒரு பங்கு என்ன செய்யும் என்பதை 1981ஆம் வருஷம் மார்ச் 30ந் தேதி உலகம் கண்டது. வாஷிங்டனில், மயாமியில் பூட்டிய அந்த ரோம் ரிவால்வரால், இன்னும் சிறிய குண்டுகள் ஆறை, இரண்டு விநாடிக்குள் ஒருவன் ஜனாதிபதி ரீகன்மீது சுட்டான். ஒரு குண்டு காரில் பட்டுத் திரும்பி ரீகனுடைய இடது கக்கத்தின் கீழ்ப் பாய்ந்தது. தாம் சுடப்பட்டதே அவருக்குத் தெரியவில்லை. விலா எலும்பு முறிந்ததாக நினைத்தார். ஆஸ்பத்திரிக்குள் தம் காலாலேயே நடந்து சென்றார். ஆனால் குண்டு இருதயத்துக்கு ஓர் அங்குலம் அப்பால் தங்கியிருந்தது. சாவின் வாசல் வரை போய்த் திரும்பினார். அவருடைய காரியதரிசி ஜேம்ஸ் பிரேடி தலையில் அடிபட்டு, ஆயுள் முழுவதும் அங்கஹீனராக வாழ்ந்தார். 2014இல் அவர் இறந்தபோது, 33 வருஷத்துக்கு முன் பட்ட அந்தக் காயமே காரணம் என்றும், அது கொலையே என்றும் வைத்திய அதிகாரி முடிவு செய்தார்.

இந்த வியாபாரத்தின் மோசம் இங்கேதான் இருக்கிறது. தற்காப்புக்கு வேண்டியது, தாக்க வருகிறவனை அந்தக் கணமே நிறுத்துவது. சிறு குண்டு அதை நிச்சயமாகச் செய்யாது. அடிபட்டவன் நடந்து போகக்கூடும், தொடர்ந்து தாக்கவும் கூடும். உயிரைப் போக்குவதற்கோ அந்த அவசரமில்லை. ஒரு மணி நேரம் கழித்தும் போக்கும், முப்பது வருஷம் கழித்தும் போக்கும். வாங்கியவனைக் காக்கும் சக்தி அதற்குக் குறைவு. பிறரைக் கொல்லும் சக்தி போதுமான அளவு உண்டு.

எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. "பணக்காரன் நல்ல துப்பாக்கி வாங்குவான். கள்வர் பயம் மிகுந்த பேட்டையில் வசிக்கும் ஏழை எதை வாங்குவான்? மலிவுச் சரக்கைத் தடுத்தால் அவன் கதி என்ன?" என்று அங்கே பலர் கேட்டார்கள். அதில் உண்மை இல்லாமற் போகவில்லை. ஆனால் ஏழைக்கு வேண்டியது மலிவான நல்ல பொருளே தவிர, கீழே விழுந்தாலே வெடிக்கக்கூடிய பொருளல்ல. போலீஸாருக்கு அந்தக் குட்டித் துப்பாக்கி இரண்டாவது துணை. ஏழைக்கு அதுவே முதலும் கடைசியும். அவனுக்கு நூலிழை போன்ற கயிற்றைக் கொடுத்துக் கிணற்றில் இறங்கச் சொல்வது தர்மமாகுமா?

பின்னால் சட்டம் செய்தவர்கள் இதை உணர்ந்தார்கள். 1985இல் மேரிலாந்து உயர்ந்த நீதிமன்றம், இத்தகைய சரக்கால் விளையும் கேட்டுக்குச் செய்தவனே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. 1988இல் அம்மாகாணம் அந்த ஏற்பாட்டை மாற்றி, எந்தக் கைத்துப்பாக்கி விற்கத் தக்கது என்று ஆராய ஒரு சபையை நிறுவியது. ஜனங்களும் வோட்டுப் போட்டு அதை ஆதரித்தார்கள். கலிபோர்னியா 1999இல் செய்த சட்டம் இன்னும் நேரானது. புதிதாக விற்பனைக்கு வரும் கைத்துப்பாக்கியை ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான உயரத்திலிருந்து கெட்டித் தரையில் போட்டுப் பார்க்கவேண்டும். அது வெடிக்கக் கூடாது. அளவையும் பிறந்த தேசத்தையும் பார்த்த சட்டம் தோற்ற இடத்தில், குணத்தைச் சோதித்த சட்டம் கொஞ்சமாவது பலன் தந்தது.

அந்த மாணவனுக்கு இவ்வளவையும் சொன்னேன். அவன் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "அப்படியானால், நல்லதாக ஒன்றும் இல்லாதவனிடம்தான் அந்தக் கெட்டதை விற்றார்களா, ஸார்?" என்று கேட்டான். இந்தத் தடவை வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை.