பழைய புல்லட் 350: பற்சக்கரத் தேர்வு

மோட்டார் சைக்கிளின் கியர் பெட்டியில் ஒன்றும் பின்சக்கரத்தில் ஒன்றுமாக இரண்டு பற்சக்கரங்கள் உள்ளன. சங்கிலி இவ்விரண்டையும் இணைக்கிறது. இவற்றில் எத்தனை பற்கள் இருக்க வேண்டும் என முடிவு செய்வது பற்சக்கரத் தேர்வு ஆகும். மெக்கானிக்குகள் இதை ‘ஸ்ப்ராக்கெட் மாற்றுவது’ என்பர். 1955 முதல் சென்னையில் உருவாகி வந்த ராயல் என்ஃபீல்டு புல்லட்டின் வார்ப்பிரும்பு எஞ்சினும் நான்கு கியர்களும் கொண்ட 350 சி.சி. வண்டியை வைத்திருப்போர் அடிக்கடி கேட்கும் கேள்வி, முன்பற்சக்கரத்தில் 16 பற்களா, 17ஆ, 18ஆ என்பதே.

கணக்கு

இவ்வண்டியில் எஞ்சினின் பற்சக்கரத்துக்கு 25 பற்கள், கிளட்சுக்கு 56 பற்கள், பின்சக்கரத்துக்கு 38 பற்கள். கியர் பெட்டியின் முன்பற்சக்கரத்துக்கு ஆலையில் பொருத்துவது 16 பற்கள். நான்காவது கியரில் கியர் பெட்டி வேகத்தைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. எனவே 56ஐ 25ஆல் வகுத்து, 38ஐ 16ஆல் வகுத்து, இரண்டையும் பெருக்கினால் 5.32 கிடைக்கும். அதாவது பின்சக்கரம் ஒரு முறை சுழல எஞ்சின் 5.32 முறை சுழல வேண்டும். 17 பற்களுக்கு இது 5.01, 18 பற்களுக்கு 4.73.

19 அங்குலப் பின்சக்கரத்தின் சுற்றளவு டயருடன் சேர்த்து ஏறத்தாழ 2 மீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அது நிமிடத்துக்குச் சுமார் 500 முறை சுழலும். அப்போது எஞ்சின் 16 பற்களில் 2,660 சுற்றும், 17இல் 2,500 சுற்றும், 18இல் 2,365 சுற்றும் ஓடும். நீண்ட பயணத்தில் இந்த வேறுபாட்டைக் கையிலும் காலிலும் அதிர்வாக உணரலாம். பலரும் ஒரு பல் கூட்ட விரும்புவது இதனால்தான்.

இழப்பது என்ன?

சுற்று குறைந்த அதே விகிதத்தில் சக்கரத்தைச் சேரும் இழுவையும் குறையும். 17இல் சுமார் 6 விழுக்காடும் 18இல் சுமார் 11 விழுக்காடும் இழப்பு. இது நான்காவது கியரில் மட்டுமன்றி முதல் கியரிலும் உண்டு. பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு மேட்டில் வண்டியைக் கிளப்பும்போது கிளட்சு கூடுதலாக உரசித் தேயும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறுவோருக்கு இது தெளிவாகவே தெரியும். இறங்கும்போது கவலை இன்னும் பெரிது. எஞ்சின் தரும் தடுப்பும் அதே அளவு குறைவதால், சுமையெல்லாம் பழைய டிரம் பிரேக்கின் மேல் விழும்.

பல்லைக் கூட்டினால் உச்சவேகம் கூடும் என்ற நம்பிக்கை பரவலானது. காற்றின் எதிர்ப்பை வெல்ல எஞ்சினுக்குப் போதிய திறன் இல்லையெனில் உச்சவேகம் குறையவே செய்யும். சமதளச் சாலையில் நான்காவது கியரைவிட மூன்றாவது கியரில் வண்டி வேகமாக ஓடினால், பற்கள் அளவுக்கு மிஞ்சிவிட்டன என்று பொருள். குறைந்த சுற்றில் ஆக்ஸிலேட்டரை முழுதும் திறந்து, எஞ்சின் தட்டும் ஓசையோடு திணறி ஓடினால் கனெக்டிங் ராடின் பெரிய முனை பேரிங் விரைவில் தேயும்.

பொதுவாக, தனியாகச் சமவெளியில் ஓட்டுவோருக்கு 17 பற்கள் பொருந்தும். மலைப்பாதையிலோ எப்போதும் இருவராகவோ செல்வோர் 16ஐ விட்டு மாறாதிருப்பதே நல்லது. 18 பற்கள் 350 சி.சி. எஞ்சினுக்குப் பெரும்பாலும் மிகை. ஆலையே 500 சி.சி. வண்டிக்குத்தான் 17 பற்களைத் தந்தது என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

மாற்றும் முன்

பலர் கை மாறிய வண்டியில் முன்பே பற்சக்கரம் மாற்றப்பட்டிருக்கலாம். பெட்டியைத் திறக்காமலே இதை அறிய வழி உண்டு. நடு ஸ்டாண்டில் நிறுத்தி, இக்னிஷனை அணைத்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, நான்காவது கியரில் போடவும். சிலிண்டர் தலையின் ராக்கர் மூடி ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, பின்சக்கரத்தை முன்னோக்கிச் சரியாக 6 முறை சுழற்றவும். அதற்குள் ஒரு வால்வு 16 முறை திறந்தால் முன்பற்சக்கரத்துக்கு 16 பற்கள். 15 முறை திறந்தால் 17. 14 முறை திறந்தால் 18. எண்கள் தலைகீழாகச் செல்வதால் குழம்ப வேண்டாம்.

இந்தச் சோதனையைச் செய்துவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும். ஏனெனில் முன்பற்சக்கரம் எளிதில் கைக்கு எட்டாது. எஞ்சினையும் கிளட்சையும் இணைக்கும் சங்கிலிப் பெட்டியைத் திறந்து, கிளட்சை எடுத்து, உள்மூடியையும் கழற்றிய பின்னரே அதைத் தொட முடியும். பின்பக்கப் பற்களோ பிரேக் டிரம்முடன் ஒரே வார்ப்பு. அதனால் பின்னால் பல் எண்ணிக்கையை மாற்றுவது நடைமுறையில் வழக்கமில்லை.

ஒரு பல் கூடினால் அதே சங்கிலிக்குப் பின் அச்சு சுமார் 4 மில்லிமீட்டர் முன்னே வர வேண்டும். சரிசெய்யும் வில்லையில் அந்த இடம் இல்லையெனில் சங்கிலியின் நீளத்தைக் கூட்ட வேண்டும். தேய்ந்த சங்கிலியைப் புதிய பற்சக்கரத்தில் போடுவது வீண். சில மாதங்களிலேயே புதிய பற்களும் கொக்கி போல் வளைந்துவிடும்.