காசு கொடுத்து வாங்கிய விளையாட்டு காணாமல் போகுமா?

2024-ம் ஆண்டு மார்ச் மாதம் 31-ந் தேதி.

அன்று பல நாடுகளில் பலர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கார் ஓட்டிக்கொண்டு இருந்தார்கள். நிஜக் கார் அல்ல. விளையாட்டுக் கார்.

அந்த விளையாட்டின் பெயர் "தி க்ரூ." பிரான்சு நாட்டு "யூபிசாப்ட்" கம்பெனியின் சரக்கு. 2014-ம் ஆண்டு டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. அமெரிக்கா தேசத்தையே சுருக்கி அதற்குள் அடக்கி இருந்தார்கள். நியூயார்க்கில் கிளம்பி, மலையும் பாலைவனமும் தாண்டி, லாஸ் ஏஞ்சல்ஸ் கடற்கரை வரை நிற்காமல் கார் ஓட்டலாம்.

அன்றோடு சரி. கம்பெனி தன் சர்வரை நிறுத்திவிட்டது.

சர்வர் என்றால் என்ன? கம்பெனியின் இடத்தில் இரவும் பகலும் ஓடும் கம்ப்யூட்டர். இந்த விளையாட்டில் துணைக்கு ஆள் இல்லாமல் தனியாகக் கார் ஓட்டினாலும், அந்த சர்வரின் தயவு வேண்டும். சர்வர் நின்றது. காரும் நின்றது. கடையில் தட்டாக வாங்கிப் பெட்டியில் பத்திரமாக வைத்து இருந்தவர்களுக்கும் அதே கதிதான்.

மறு மாதம் இன்னும் ஒரு அதிர்ச்சி. வாங்கியவர்களின் கணக்கில் இருந்த அனுமதியையும் கம்பெனி எடுத்துவிட்டது. கடைக்காரர் தன் அலமாரியைக் காலி செய்தால் யாரும் கேட்க மாட்டார்கள். வாங்கியவர் வீட்டு அலமாரியிலும் கையை விடலாமா?

கலிபோர்னியாவில் 2 பேர் கோர்ட்டுக்குப் போனார்கள். கம்பெனி என்ன பதில் சொன்னது தெரியுமா? "அவர்கள் வாங்கியது விளையாட்டை அல்ல. விளையாடுவதற்கான அனுமதியை!"

பொத்தானில் ஒரு வார்த்தை

இப்போது கம்ப்யூட்டர் விளையாட்டு வாங்கக் கடைவீதிக்குப் போகிறவர்கள் குறைவு. இன்டர்நெட்டில் கடை இருக்கிறது. பணம் கட்டினால் விளையாட்டு நம் கம்ப்யூட்டருக்கு இறங்கி வருகிறது. பெட்டியும் இல்லை, தட்டும் இல்லை.

அந்தக் கடைகளில் "வாங்கு" என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்துகிறோம். புடவை வாங்குவதுபோல, பாத்திரம் வாங்குவதுபோல, இதுவும் நம் சொத்து என்று நினைக்கிறோம்.

உண்மை வேறு. யாரும் படிக்காத நீண்ட ஒப்பந்தம் ஒன்று ஒவ்வொரு கடையிலும் உண்டு. "இது அனுமதி மட்டும்" என்று அதில் எழுதி இருக்கும். சினிமா டிக்கெட் வாங்கினால் படம் நமக்குச் சொந்தம் ஆகுமா? அந்த மாதிரிதான்.

கலிபோர்னியா சர்க்கார் இதற்கு ஒரு சட்டம் போட்டது. கவர்னர் கேவின் நியூசம் 2024 செப்டம்பரில் கையெழுத்துப் போட்டார். 2025 ஜனவரி 1-ந் தேதி அமலுக்கு வந்தது. "அனுமதியைத்தான் விற்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற வார்த்தையைப் போடக்கூடாது" என்பதே சட்டம். ஒரு விலக்கும் உண்டு. வாங்கியவர் இறக்கி வைத்துக்கொண்டு, இன்டர்நெட் இல்லாமலே எந்நாளும் பயன்படுத்தலாம் என்றால், அந்தச் சரக்குக்கு இந்தச் சட்டம் இல்லை.

அப்படியும் ஒரு கடை இருக்கிறதா? இருக்கிறது. அதைப் பிறகு பார்க்கலாம். முதலில் பெரிய கடை.

நீராவிக் கடை

"ஸ்டீம்" என்றால் நீராவி. அமெரிக்காவில், வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள "வால்வ்" கம்பெனியின் கடை இது. மைக்ரோசாப்ட் கம்பெனியில் வேலை பார்த்த கேப் நியூவெல், நண்பர் ஒருவருடன் சேர்ந்து 1996-ல் வால்வைத் தொடங்கினார். 2003 செப்டம்பரில் ஸ்டீம் பிறந்தது.

பிறந்தபோது அதை யாருக்கும் பிடிக்கவில்லை. 2004 நவம்பரில் "ஹாப் லைப் 2" என்ற விளையாட்டு வெளிவந்தது. கடையில் பெட்டி வாங்கினவர்களும், ஸ்டீமில் கணக்குத் திறந்தால்தான் விளையாட முடியும் என்று சொல்லிவிட்டார்கள். ஆறு வருடமாகக் காத்து இருந்தவர்கள், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இன்டர்நெட் எப்போது அசையும் என்று பார்த்து இருந்தார்கள். திட்டாதவர் இல்லை.

அந்த ஸ்டீம்தான் இன்று முதல் கடை. 2025 மார்ச் மாதம் ஒரே நேரத்தில் 4 கோடிப் பேர் அதில் நுழைந்து இருந்தார்கள்!

காரணம், வசதி. தட்டு தேய்ந்துபோகும் கவலை இல்லை. கம்ப்யூட்டர் மாறினாலும் கணக்கு மாறாது. விளையாட்டில் கோளாறு இருந்தால் தானாகத் திருத்தம் வருகிறது. கோடையிலும் குளிர்காலத்திலும் பெரிய தள்ளுபடி. நம் நாட்டில் விலையும் ரூபாயிலேயே போட்டு இருக்கிறார்கள். ஒரு விளையாட்டின் விற்பனையை நிறுத்தினாலும், முன்பே வாங்கினவர்கள் பெரும்பாலும் அதை மறுபடி இறக்கிக்கொள்ளலாம்.

குடும்பத்துக்கு ஒரு வசதி உண்டு. 2024 முதல் ஒரு வீட்டார் 6 பேர் வரை ஒரே குடும்பமாகச் சேரலாம். அண்ணன் வாங்கியதைத் தம்பியும் விளையாடலாம். ஆனால் ஒரே பிரதியை இரண்டு பேர் ஒரே நேரத்தில் விளையாட முடியாது. அதற்குமேல் ஒரு விஷயத்தைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். அண்ணன் பிரதியில் தம்பி விளையாடும்போது ஏமாற்று வேலை செய்து பிடிபட்டால், தம்பிக்கு மட்டும் தடை இல்லை. அந்த விளையாட்டில் அண்ணனுக்கும் சேர்த்துத் தடை!

ஸ்டீம் கணக்கை விற்கவும் முடியாது, பிறருக்கு எழுதி வைக்கவும் முடியாது. ஒப்பந்தம் அப்படி. தகப்பனார் இருபது வருடம் சேர்த்த விளையாட்டுகள் மகனுக்குச் சட்டப்படி போய்ச் சேராது. தாத்தாவின் கைக்கடிகாரம் பேரனுக்கு வரும். விளையாட்டு வராது.

இரண்டு மணி நேரக் கெடு

பிடிக்காத விளையாட்டைத் திருப்பிக் கொடுக்கலாமா?

முன்பெல்லாம் ஸ்டீமில் அந்தப் பேச்சே இல்லை. ஆஸ்திரேலியாவின் நுகர்வோர் கமிஷன் 2014-ல் வால்வ் கம்பெனி மீது வழக்குப் போட்டது. "எங்கள் நாட்டில் கெட்ட சரக்குக்குப் பணம் திருப்பித் தருவது சட்டம். இல்லை என்று நீ எப்படிச் சொல்லலாம்?" என்பது வழக்கு. 2016 டிசம்பரில் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விழுந்தது.

வழக்கு நடக்கும்போதே, 2015 ஜூன் மாதம், ஸ்டீம் உலகம் முழுவதற்கும் புது விதி அறிவித்தது. வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடி இருந்தால், காரணம் கேட்காமல் பணம் திரும்பும்.

இந்த 2 மணி நேரத்தில் ஏமாறுகிறவர்கள் அதிகம். விளையாட்டைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாலும் கடிகாரம் ஓடும். புது விளையாட்டு வாங்கினால் முதலில் நம் கம்ப்யூட்டரில் ஒழுங்காக ஓடுகிறதா என்று பாருங்கள். கதையைப் பிறகு பார்க்கலாம்.

பூட்டு இல்லாத கடை

போலந்து நாட்டில் 1994 வரை கம்ப்யூட்டர் சரக்குகளுக்குச் சரியான காப்புரிமைச் சட்டம் இல்லை. திருட்டுப் பிரதிகள் சந்தையில் பகிரங்கமாக விற்கும். அந்த ஆண்டில்தான் மார்சின் இவின்ஸ்கி, மிகால் கிசின்ஸ்கி என்ற இரண்டு பள்ளித் தோழர்கள் வார்சாவில் "சிடி ப்ராஜெக்ட்" கம்பெனியைத் தொடங்கினார்கள்.

பாதி விலைக்கும் குறைவாகத் திருட்டுச் சரக்கு கிடைக்கும் ஊரில், நல்ல சரக்கை யார் வாங்குவார்கள்?

இரண்டு பேரும் யோசித்தார்கள். 1999-ல் "பால்டர்ஸ் கேட்" என்ற விளையாட்டை முழுக்க முழுக்கப் போலந்து மொழியில் கொண்டுவந்தார்கள். பெட்டிக்குள் தட்டுகள் மட்டும் இல்லை. பழைய ஓலைபோல ஒரு வரைபடம், விதிப் புத்தகம், இசைத் தட்டு எல்லாம் வைத்தார்கள். திருடன் தர முடியாததைத் தந்தார்கள். பெட்டி நன்றாக விற்றது.

அந்தப் பாடத்தை அவர்கள் மறக்கவில்லை. 2008-ல் "ஜி.ஓ.ஜி." என்ற இன்டர்நெட் கடை திறந்தார்கள். "நல்ல பழைய விளையாட்டுகள்" என்ற பொருள் தரும் ஆங்கில வார்த்தைகளின் சுருக்கம் அது. பழைய விளையாட்டுகளைப் புதுக் கம்ப்யூட்டரில் ஓடும்படி செப்பனிட்டு விற்றார்கள். பிறகு புது விளையாட்டுகளும் வந்தன.

இந்தக் கடையின் தனிச்சிறப்பு, விளையாட்டுக்குப் பூட்டுப் போடுவது இல்லை. பணம் கட்டினால் விளையாட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் பைலையே கொடுத்துவிடுகிறார்கள். அதைப் பென் டிரைவில் போட்டு பீரோவில் வைத்துக்கொள்ளலாம். நாளைக்குக் கடை மூடினாலும், இன்டர்நெட்டே இல்லாத ஊருக்குக் குடி போனாலும், விளையாட்டு ஓடும். சட்டப்படி பார்த்தால் இங்கேயும் அனுமதிதான். ஆனால் சாவி நம் இடுப்பில் இருக்கிறது.

பணத்தைத் திருப்பித் தருவதிலும் இவர்கள் தாராளம். 2020 முதல் 30 நாள் அவகாசம், விளையாடிப் பார்த்து இருந்தாலும் கூட.

குறை இல்லையா? உண்டு. ஸ்டீமில் கிடைக்கும் விளையாட்டில் ஒரு பகுதிதான் இங்கே கிடைக்கும். பூட்டு இல்லாமல் விற்கப் பெரிய கம்பெனிகள் பல தயங்குகின்றன. பலர் சேர்ந்து ஆடும் ஆட்டத்துக்கு எந்தக் கடையில் வாங்கினாலும் பெரும்பாலும் சர்வர் வேண்டும். இன்னொன்று: பைலை நாமே இறக்கி வைத்தால்தான் பலன். வாங்கிவிட்டுக் கடையிலேயே விட்டுவைப்பவருக்கு இந்தக் கடையும் மற்றக் கடையும் ஒன்றே. (ஸ்டீமிலும் பூட்டு இல்லாத விளையாட்டுகள் சில உண்டு. ஆனால் கடை அதற்கு வாக்குக் கொடுப்பது இல்லை.)

இலவசக் கடை

"போர்ட்நைட்" விளையாட்டில் கொழித்த "எபிக்" கம்பெனி 2018 டிசம்பரில் தன் கடையைத் திறந்தது. முதலாளி டிம் ஸ்வீனி. ஸ்டீம் விற்பனையில் வழக்கமாக 100-க்கு 30 எடுத்துக்கொள்ளும். "எனக்கு 12 போதும்" என்றார் இவர். விளையாட்டை உண்டாக்கினவருக்கு மீதி 88. சின்னக் கம்பெனிக்கு இது பெரிய தொகை.

வாங்குகிறவர்களை இழுக்க இலவசமாக விளையாட்டு கொடுத்தார்கள். 2020 மே மாதம் "கிராண்ட் தெப்ட் ஆட்டோ 5" என்ற புகழ்பெற்ற விளையாட்டை இலவசம் என்றார்கள். கூட்டம் தாங்காமல் கடையே பல மணி நேரம் படுத்துவிட்டது!

கோபமும் வந்தது. "மெட்ரோ எக்சோடஸ்" என்ற விளையாட்டை ஸ்டீமில் விற்பதாகச் சொல்லி இருந்தார்கள். வெளிவர இரண்டு வாரம் இருக்கும்போது, 2019 ஜனவரி கடைசியில், "ஓராண்டுக்கு எபிக் கடையில் மட்டும்" என்று மாற்றினார்கள். முன்பணம் கட்டினவர்களுக்கு ஸ்டீமிலேயே கிடைத்தது. மற்றவர்கள் கொதித்துப் போனார்கள்.

இலவசத்தை வாங்கிக்கொள்வதில் தவறு இல்லை. ஆனால் அதற்கும் ஒரு கணக்கு, ஒரு பாஸ்வேர்டு வேண்டும். கடை மூன்றானால் கணக்கும் மூன்று. எது எங்கே இருக்கிறது என்று ஒரு நோட்டில் குறித்து வைப்பது நல்லது.

பாதி விலைச் சாவி

இந்த மூன்றும் நேரான கடைகள். வேறு ஒரு வியாபாரமும் நடக்கிறது. விளையாட்டைத் திறக்கும் சாவி எண்ணை மட்டும் யார் யாரோ கொண்டுவந்து பாதி விலைக்கு விற்கும் சந்தைகள்.

எண் எங்கிருந்து வந்தது? சில சமயம் திருட்டுக் கிரெடிட் கார்டில் வாங்கியது. கார்டுக்கு உரியவர் புகார் செய்து பணத்தைத் திரும்ப வாங்கிவிடுவார். நஷ்டம் விளையாட்டை உண்டாக்கினவர் தலையில்.

செக் நாட்டின் பிராக் நகரத்தில் உள்ள "வூப்" என்ற சின்னக் கம்பெனிக்கு 2016-ல் இந்தக் கதிதான். "பேக்டோரியோ" என்ற அவர்கள் விளையாட்டின் சாவிகள் "ஜி2ஏ" என்ற சந்தையில் விலைபோயின. விசாரித்துப் பார்த்ததில் 198 சாவிகள் திருட்டுச் சாவிகள் என்று தெரிந்தது. 2020-ல் ஜி2ஏ 39,600 டாலர் ஈடு கொடுத்தது. இப்படிப்பட்ட சாவி ரத்தானால், விளையாட்டும் வாங்கினவர் கணக்கிலிருந்து போய்விடும். சரசமான விலை என்று மயங்கினால் அதையும் யோசிக்க வேண்டும்.

எந்தக் கடை?

பிள்ளை தன் சிநேகிதர்களோடு சேர்ந்து ஆட ஆசைப்பட்டால், அவர்கள் எந்தக் கடையில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். வேறு கடையில் நூறு ரூபாய் குறைவாக வாங்கிவிட்டு, பிள்ளை தனியாக உட்கார்ந்து இருப்பதில் லாபம் இல்லை. தனியாக ஆடும் கதை விளையாட்டு என்றால், பூட்டு இல்லாத கடையில் அது இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். விலை ஒன்றாகவே இருந்தாலும், அங்கே வாங்கி, பைலை இறக்கி வைத்துவிடுங்கள்.

எந்தக் கடையானாலும், "விளையாட எப்போதும் இன்டர்நெட் தேவை" என்று ஒரு வரி விற்பனைப் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதற்குக் கொடுக்கும் பணம் வாடகை என்று வைத்துக்கொண்டு, அந்த வாடகைக்கு அது தகுமா என்று கணக்குப் போடுங்கள்.

"தி க்ரூ" நின்றதும் ஐரோப்பாவில் ஒரு கிளர்ச்சி தொடங்கியது. "விற்ற விளையாட்டைக் கொல்லாதே" என்பது கோரிக்கை. ஐரோப்பிய யூனியனுக்கு அனுப்பிய அந்த மனுவில், 2025 ஜூலைக்குள் 10 லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள்.

அந்த ஆண்டிலேயே, இரண்டாம் பாகமான "தி க்ரூ 2"-ஐ இன்டர்நெட் இல்லாமலும் ஓட்டும்படி யூபிசாப்ட் கம்பெனி மாற்றிக் கொடுத்தது. முதல் பாகத்தை வாங்கினவர்களுக்குக் கம்பெனி அதைத் திருப்பித் தரவில்லை.